பட்டேவியாவில் பேஸ்பால்: சீசன் டிக்கெட்டோடு பல கோடைகள்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், பஃபலோவுக்கும் ராச்செஸ்டருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது பட்டேவியா. மக்கள்தொகை சுமார் 15,000. சுற்றிலும் விவசாயம்தான். வடக்கே எல்பா பக்கம் போனால் கன்னங்கரேலென்ற மண்ணில் வெங்காயம் போட்டிருப்பார்கள். அந்த மண்ணை இங்கே 'மக்' என்பார்கள். ஊர் பேஸ்பால் அணி 1998ல் 'மக்டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது அதனால்தான்.

2008 கோடையில் இந்த அணியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டமே நடக்காத 2020ஐத் தவிர எல்லாக் கோடையும் போயிருக்கிறேன், பெரும்பாலும் சீசன் டிக்கெட்டில். இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் "பேஸ்பால் ஒரு தடவையாவது பார்க்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் என் பதில் ஒன்றுதான். டொரன்டோவையும் யாங்கி ஸ்டேடியத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பட்டேவியாவுக்குப் போங்கள். ஆனால் நான் 2008ல் பார்த்த பட்டேவியாவும் இப்போது நீங்கள் பார்க்கப்போகிற பட்டேவியாவும் ஒன்றல்ல. அதனால் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஏற்பாடு. பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீகில் உள்ள அணி ஒவ்வொன்றுக்கும் கீழே பல படிகளில் மைனர் லீக் அணிகள் உண்டு. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மேலே உள்ள அணியின் ஆட்கள், சம்பளமும் அங்கிருந்துதான் வரும். டிக்கெட் விற்பது, ஹாட் டாக் போடுவது, இன்னிங்ஸ் இடைவெளியில் குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. பட்டேவியா ஆடியது நியூயார்க்-பென் லீகில். பென்சில்வேனியா, ஒன்டாரியோ, நியூயார்க் மூன்றையும் சேர்த்து 1939ல் 'போனி லீக்' என்று தொடங்கியது அது, முதல் வருஷத்திலேயே பட்டேவியா அதில் இருந்தது. ஜூன் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். மொத்தம் 76 ஆட்டங்கள், பாதி உள்ளூரில். மேஜர் லீக் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் எடுக்கப்பட்ட கல்லூரிப் பையன்கள் சில நாட்களிலேயே இங்கே வந்து இறங்குவார்கள். பலருக்கும் இது சம்பளத்துக்கு ஆடும் முதல் ஊர்.

அணி ஆடும் டுவையர் மைதானம் சின்னது. சுமார் 2,600 பேர் உட்காரலாம். வாரநாட்களில் அதில் பாதிகூட நிரம்பாமல் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். கட்டியது 1937ல் என்றாலும் பார்வையாளர் பகுதி 1996ல் புதிதாக எழுப்பியது. அதனால் பழைய மரப்பலகை மைதானத்தின் அழகை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே கிடைப்பது வேறு, ஆட்டத்தோடு ஒட்டி உட்காரும் நெருக்கம். பெரிய மைதானங்களில் எவ்வளவு காசு கொடுத்தாலும் அது கிடைக்காது.

எங்கள் இடம், மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், சற்றே மூன்றாம் பேஸ் பக்கம் தள்ளி. அன்றைக்குப் பந்து வீசாத பிட்சர்கள் இரண்டு பேர் அந்த வரிசைகளில்தான் வந்து உட்காருவார்கள். ஒருவர் கையில் வேகம் அளக்கும் ரேடார் கன் இருக்கும், இன்னொருவர் மடியில் ஓர் அட்டை. ஒவ்வொரு பந்தும் என்ன வகை, என்ன வேகம், எங்கே விழுந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார்கள். என் மகன் சின்ன வயதில் அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தே பந்து வகைகளைக் கற்றுக்கொண்டான். "இது ஸ்லைடரா, கர்வ் பாலா?" என்று ஓயாமல் கேட்பான். ஒரு நாள் அட்டை வைத்திருந்த பையன், "நீ முதல்ல சொல்லு, நான் அப்புறம் எழுதறேன்" என்று பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு இன்னிங்ஸ் முழுக்க அப்படியே போனது. மகன் தப்பாகச் சொன்னபோது, ஒரு பந்தை வாங்கி தையல்மேல் விரலை வைத்து, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பினால் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று காட்டினான். மறுநாள் அவனேதான் மேட்டில் நின்று வீசினான். அன்றைக்கு என் மகன் ஒரு பந்தைக்கூட விடாமல் பார்த்தான்.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்த கோடையில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் வருஷா வருஷம் வரும் ஒரு பாட்டி, மடியில் ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் எண்ணும் எழுத்தும் அளவுக்குத்தான் தெரியும். அது போதுமானதாக இருந்தது. மட்டை பிடிப்பவர் மூன்று தடவை தவறவிட்டு ஸ்டிரைக் அவுட்டானால் 'கே' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும், மட்டையை வீசாமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று அந்தப் பாட்டி எழுதிக் காட்டினார். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. யாராவது மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றுவிட்டுத் திரும்பினால் பாட்டியைப் பார்த்து விரலால் காற்றில் திருப்பிப் போட்டுக் காட்டுவார், பாட்டி தலையாட்டிவிட்டுப் புத்தகத்தில் எழுதுவார்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அம்மா கேட்டார்: "ஏண்டி, இந்தப் புள்ளைங்கல்லாம் இனிமே ராத்திரி எங்க போயி சாப்பிடும்?"

கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு அந்தப் படியில் இருந்த சம்பளத்தில் ஒரு பையன் தனியாக வீடு எடுத்து மூன்று வேளை சாப்பிடுவது கஷ்டம். 2020 வரைக்குமே குறைந்தபட்சம் வாரத்துக்கு 290 டாலர்தான், அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். முதல் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களுக்குப் பெரிய முன்பணம் உண்டு, மற்றவர்களுக்கு இந்த வாரச் சம்பளம்தான். அதனால் சிறு ஊர்களில் சில குடும்பங்கள் கோடை முழுக்க ஆட்டக்காரர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும். அந்தப் பாட்டியின் வீட்டிலும் இருந்தார்கள். டொமினிகனிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு வங்கிக் கணக்கு திறந்து கொடுத்தது, ஊருக்குப் பணம் அனுப்பக் கூடப் போனது, டிரைவிங் கற்றுக்கொடுத்தது எல்லாம் அவர்தான். ஒரு பையன் மட்டை பிடிக்க வரும்போது "ஃபோர்" என்றோ "டூ" என்றோ ஓர் எண்ணைக் கத்துவார். அவன் அன்று காலை சாப்பிட்ட பான்கேக் கணக்கு அது. அவனும் வலைப்பக்கம் திரும்பிச் சிரிப்பான்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தவறுகள் நிறைய இருக்கும். பந்து எங்கேயோ போகும், இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் முதல் பேஸுக்கு எறிவது, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குள் போய் விழும். வெற்றியும் முதல் நோக்கமல்ல. பந்து வீசுபவர் நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது இன்னிங்ஸில் எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் இத்தனை பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. கல்லூரியில் வசந்தம் முழுக்க வீசிவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. சேப்பாக்கத்தில் கடைசிப் பந்துவரை வெற்றிக்காக ஆடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதல் வருஷம் முழுக்க உறுத்தியது. போகப்போகத்தான் இந்தப் படியில் நாம் பார்ப்பது ஒருவன் ஆட்டக்காரனாக ஆகிக்கொண்டிருப்பதை என்று மனசு ஏற்றுக்கொண்டது. ஜூனில் வளைவுப் பந்தைத் தொடக்கூடத் தெரியாதவன் ஆகஸ்டில் அதை வலது பக்க இடைவெளியில் தட்டிவிட்டு இரண்டாம் பேஸில் நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் தொலைக்காட்சியில் கிடைக்காது. இதற்குமேல் 2008ல் பட்டேவியா லீக் கோப்பையையும் வென்றது. என் முதல் கோடையே அப்படி அமைந்தது பாக்கியம்.

சீசன் டிக்கெட்டின் இன்னொரு லாபம், பெயர்கள். 2008ல் இங்கே வீசிய லான்ஸ் லின், 2009ல் வந்து கொஞ்ச நாள் ஆடிவிட்டு மேலே போன மேட் கார்பென்டர் இருவரையும் 2013 உலகத் தொடரில், அதாவது மேஜர் லீக் இறுதித் தொடரில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் சட்டையில் பார்த்தோம். எனக்கு முந்தியவர்களிடம் இதைவிடப் பெரிய பெயர்கள் உண்டு. சேஸ் அட்லி 2000ல், ரையன் ஹவர்ட் 2001ல். 2006ல் ஹவர்ட் 58 ஹோம் ரன் அடித்து மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியபோது, "இங்கே நம்ம ஸ்கோர்போர்டுக்கு மேல அடிச்ச பையன்" என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்களாம். இன்னும் மூத்தவர்கள் ஜீன் பேக்கரைச் சொல்வார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1961ல் இந்த ஊர் அணிக்குக் கறுப்பினத்தவரான அவரை மேலாளராகப் போட்டது. மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின மேலாளர் வர 1975 வரை, ஃபிராங்க் ராபின்சன் வரும்வரை ஆனது. அதற்குப் பல வருஷம் முன்பே இப்படிப்பட்ட ஒரு விஷயம் இந்த வெங்காய ஊரில் நடந்தது என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

அப்புறம் 2019 இலையுதிர் காலத்தில் அந்தச் செய்தி வந்தது. மேஜர் லீகின் கீழிருந்த 160 இணைப்பு அணிகளை 120 ஆகக் குறைக்கப் போகிறார்கள் என்றும், வெட்டப்படும் பட்டியலில் பட்டேவியாவும் இருக்கிறது என்றும். 2020ல் கொரோனாவால் மைனர் லீக் சீசனே ரத்தானது. டிசம்பரில் புதிய 120 அணிகளின் பட்டியல் வெளியானபோது நியூயார்க்-பென் லீகே இல்லாமல் போயிருந்தது. புரூக்ளின், அபர்டீன், ஹட்சன் வேலி மட்டும் வேறு லீகுக்குப் போய்த் தப்பின. காரணமாகச் சொன்னது மைதான வசதி, பயணத் தூரம், ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளம். சம்பளம் உண்மையிலேயே உயர்ந்தது. 2022 முதல் தங்குமிடம் அணியின் பொறுப்பானது, 2023ல் முதல் தொழிற்சங்க ஒப்பந்தமும் வந்தது. அம்மா கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. நியாயமான விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பையன்களுக்கு இத்தனை காலம் சோறு போட்ட ஊர்களின் கையிலிருந்து அணியைப் பிடுங்கித்தான் அதைச் செய்திருக்க வேண்டுமா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2021ல் மக்டாக்ஸ் திரும்பி வந்தது, கல்லூரி மாணவர்கள் கோடையில் ஆடும் லீகில். சம்பளம் கிடையாது, மட்டை மட்டும் தொழில்முறை ஆட்டம்போல மரமட்டை. ஆபர்ன், எல்மைரா, ஜேம்ஸ்டவுன் என்று பழைய நியூயார்க்-பென் ஊர்கள் பலவும் இதே லீகில்தான் இருக்கின்றன. பார்வையாளராகச் சொன்னால், மைதானம் முன்பைவிடக் கலகலப்பாக இருக்கிறது. கூட்டம் அதிகம், குழந்தைகள் அதிகம், ஆட்டக்காரர்களும் ஆட்டம் முடிந்து வெகுநேரம் நின்று பந்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இவர்களுக்கு மேலே ஒரு மேஜர் லீக் அணி இல்லாததால் ஜெயிக்கவே ஆடுகிறார்கள்.

எனக்குக் குறைவது அந்த ஏணி. நேற்று நம் முன் வரிசையில் அட்டையோடு உட்கார்ந்தவன் நான்கு வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் வருவானோ என்ற எதிர்பார்ப்பு முன்பு ஒவ்வொரு இரவும் இருந்தது. இப்போதும் யாராவது ஒருவர் போகலாம், ஆனால் அது அரிது. பெயர்களைத் தொடர்ந்து பின்பற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு. மாலையில் குடும்பத்தோடு வெளியே உட்கார இடம் தேடுகிறவர்களுக்கு இழப்பே இல்லை, அவர்களுக்குப் புது அணிதான் பொருத்தம். என் மகனுக்கும் எனக்கும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் புதியதுதான் நல்ல ஆட்டம் என்கிறான்.

சில்லறை விஷயங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தோலோடு வறுத்த கடலை, பாப்கார்ன், ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், இவ்வளவுதான், வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஜூன் மாத இரவுகளில் எட்டு மணிக்கு மேல் குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். ஜூலையில் கொசு இருக்கும். இடைவெளி விளையாட்டுகளின் ஒலிபெருக்கிச் சத்தம் கைக்குழந்தைகளுக்கு அதிகம், ஓரத்து வரிசை பார்த்து உட்காருங்கள். வலை இல்லாத பகுதியில் உட்கார்ந்தால் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு மட்டையைப் பாருங்கள், பந்து உண்மையிலேயே அங்கே வரும்.

இப்போதைய சீசன் ஜூன், ஜூலை இரண்டு மாதம்தான், பிளேஆஃப் வந்தால் ஆகஸ்டில் சில நாள். வாணவேடிக்கை இரவுகளில் இடம் கிடைப்பது கஷ்டம். முதல் தடவை போகிறவர்கள் சாதாரண செவ்வாய், புதனில் போங்கள், அரைமணி நேரம் முன்னால் போய் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். ஆபர்ன் வரும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய லீக் காலத்திலிருந்தே எதிரெதிர் நின்ற ஊர் அது, அன்றைக்கு மூத்த ரசிகர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஸ்கோர் எழுதுகிற யாராவது பக்கத்தில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள், நான் பார்த்தவரை யாரும் சொல்லித்தர மாட்டேன் என்றதில்லை.