லாஸ் வேகஸ் குழாய்த் தண்ணீருக்கு சிங்க்குக்கு அடியில் வைக்கும் ஆர்ஓ (எதிர் சவ்வூடுபரவல்) வடிகட்டி: தேறுமா?

லாஸ் வேகஸ் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து மீட் ஏரி வழியாக வருவது. அரசு வரம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான்; ஆனால் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்பு) லிட்டருக்கு 280 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். கெட்டிலில் படியும் வெள்ளை உப்பு அதுதான். கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போன்ற நச்சு போகாது, செறிவுதான் கூடும்.

கார்பன் வடிகட்டி வைத்த ஜக் குளோரின் வாடையை எடுக்கும், கரைந்த உப்பைத் தொடாது. கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைத் தரும். குழாய்க்கும் ஹீட்டருக்கும் நல்லது, குடிக்க அல்ல. குடிக்க ஆர்ஓதான். ஆர்ஓ கருவிகளுக்கான என்எஸ்எஃப் 58 தரச்சான்று இல்லாததை வாங்க வேண்டாம்.

பொருத்தும்போது பலர் கோட்டைவிடுவது வடிகட்டிய தண்ணீர் சேரும் டேங்க்கின் காற்றழுத்தம். டேங்க் காலியாக இருக்கையில் 7 பிஎஸ்ஐ வேண்டும். குறைந்தால் பாதி டம்ளரிலேயே ஓட்டம் சோர்ந்துவிடும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்; வாசலின் தடவினால் ரப்பர் உப்பிக் கசியும். முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கார்பன் வடிகட்டியை 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றாவிட்டால் குளோரின் நேரே மெம்பிரேனை (உப்பைத் தடுக்கும் சவ்வு) அரித்துவிடும். மெம்பிரேன் விலையைப் பார்த்தால் இது வீண் கஞ்சத்தனம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் குழாய்த் தண்ணீர் 600, வடிகட்டியது 40 என்றால் சரி. 120-ஐத் தாண்டினால் மெம்பிரேனை மாற்றுங்கள்.

வடிகட்டிய ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் வடிகாலுக்குப் போகும், உண்மைதான். இந்த ஊரில் அது சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது.