பிக்கப் தொட்டிக்கு மூடி போட்டேன், விற்கும்போது என்ன கிடைத்தது?

பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு, அதாவது சாமான் ஏற்றும் திறந்த பகுதிக்கு மூடி வாங்கினால், வண்டியை விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வருமா என்று பலரும் கேட்கிறார்கள். மூடிக்கென்று தனியாகப் பெரிதாக எதுவும் வராது. அது காப்பாற்றி வைத்த தொட்டிக்குத்தான் விலை வரும். முதல் பிக்கப்பில் வினைல் சுருட்டு மூடி வைத்திருந்தேன். அடுத்ததில் அலுமினியப் பலகைகளால் ஆன மடக்கு மூடி. இரண்டு வண்டிகளையும் பல வருடம் ஓட்டி விற்றாகிவிட்டது, அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

பழைய வண்டி எடுக்கும் வியாபாரி எந்த மாடல், எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது, எங்காவது மோதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை போடுவார். மூடி இருப்பதைச் சொன்னால் 'சரி, நல்லது' என்பார், தொகை அப்படியே இருக்கும். நேரடியாக வாங்க வருபவர் விஷயம் வேறு. கருவிகளை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகிற ஆளுக்கு மூடி பெரிய வசதி. உயரமான சாமான் ஏற்றுகிறவருக்கு அதே மூடி இடைஞ்சல், முதல் வேலையாகக் கழற்றிப் போடுவார். அதனால் யாருக்கு விற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தே மூடியின் மதிப்பு ஏறும், இறங்கும்.

ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் செய்த ஒன்று, மூடியைத் திறந்து தொட்டியின் தரையைப் பார்த்தது. அந்த இடத்தில்தான் மூடி தன் வேலையைக் காட்டுகிறது. எஃகுத் தொட்டியில் முதலில் பெயின்ட் கீறும், அப்புறம் கீறிய இடத்தில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். சக்கரம் இருக்கும் மேட்டின் மூலைகள், தகடுகளைச் சேர்த்த ஓரங்கள், தொட்டிக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் லைனருக்கு அடியில் மணலும் ஈரமும் சேரும் இடம், இவைதான் துருவுக்குப் பிடித்த இடங்கள். மழையும் வெயிலும் நேராக விழாமல் இருந்ததால் என் வண்டியில் பெயின்ட் வெளுக்கவில்லை, தரையும் சுத்தமாக இருந்தது. வாங்கியவர் பேரத்தில் தொட்டியைக் குறை சொல்ல இடமே இல்லாமல் போனது.

தொட்டி எதால் ஆனது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150-க்கு 2015 மாடலிலிருந்து அலுமினிய உடல். டொயோட்டா டகோமாவில் 2005 மாடலிலிருந்து தொட்டியின் உட்புறம் பிளாஸ்டிக் கலவையால் ஆனது. இப்படிப்பட்ட வண்டிகளில் துருவுக்காக மூடி போடுகிறேன் என்பது அவ்வளவு வலுவான காரணம் இல்லை. திருட்டுக்கும் வெயிலுக்கும் வேண்டுமானால் போடலாம்.

மூடி போட்டுவிட்டோம், இனி தண்ணீர் வராது என்று யாரும் நினைக்கக் கூடாது. கேபினை ஒட்டிய முன் ஓரத்திலும், பின்கதவு இடுக்கிலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். உள்ளிழுத்துக்கொள்ளும் வகை மூடிகளில் தண்ணீர் வடியச் சின்னக் குழாய்கள் இருக்கும், இலைச் சருகு அடைத்தால் அது உள்ளேதான் வழியும். ஈரமான சாமான் ஏற்றிய பிறகு மூடியைத் திறந்து காயவிடுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். மூடியே ஈரத்தைப் பூட்டி வைத்தால் மூடியில்லாத தொட்டியை விட மோசமாகிவிடும்.

இதைவிட முக்கியமானது தொட்டியின் மேல்விளிம்பு. பெரும்பாலான மூடிகள் கிளாம்ப் வைத்து விளிம்பில் இறுக்கப்படுகின்றன. விளிம்புக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவில் மண் புகுந்துவிட்டால், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அது உப்புத்தாள் போல் தேய்த்துப் பெயின்டை எடுத்துவிடும். பொருத்தும் முன்பே விளிம்பு முழுக்கத் தெளிந்த பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தேன். விவரம் தெரிந்த ஒருவர் கிளாம்பைத் தளர்த்திக் காட்டச் சொன்னபோது அந்த ஃபிலிம்தான் கைகொடுத்தது. துளை போட்டுத் திருகும் மூடிகளை மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூடியைக் கழற்றினாலும் துளை போகாது, அதைப் பார்த்ததும் விலை இறங்கும்.

வினைல் மூடி நாளாக ஆக வெளுத்து, குளிரில் சுருங்கி இழுத்து மாட்ட முடியாதபடி ஆகும், வெயிலில் தொய்யும். தொய்ந்த மூடியோடு வண்டியைக் காட்டினால் மொத்த வண்டியுமே பராமரிப்பு இல்லாத மாதிரி தெரியும். அதனால் முதல் வண்டியை விற்கும்போது அதைக் கழற்றிவிட்டுத்தான் காட்டினேன். அலுமினிய மூடியில் பலகைகள் நன்றாக இருந்தன, ரப்பர் பட்டைகள் மட்டும் இறுகியிருந்தன. அவற்றை மாற்றிய பிறகு மூடி புதிது போல் ஆகிவிட்டது. மூடிக்குப் பூட்டு இருந்தும் பின்கதவுக்குப் பூட்டு இல்லையென்றால் உள்ளே வைத்ததற்குப் பாதுகாப்பு இல்லை. வாங்குபவர்கள் இதையும் சரிபார்க்கிறார்கள்.

கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஒரே மாடலிலேயே ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று தொட்டி நீளங்கள் உண்டு. ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. அடுத்து வாங்கவிருந்த வண்டியின் தொட்டி நீளம் வேறு, எனவே வைத்துப் பயனில்லை. தனியாக விற்கலாம், ஆனால் அதே மாடல், அதே நீளத் தொட்டி வைத்திருக்கும் ஆள் கிடைக்க வேண்டும். ஒரே துண்டாக ஃபைபர்கிளாஸில் வருவது இன்னும் சிரமம். வண்டி நிறத்துக்கே பெயின்ட் அடித்திருப்பதால் நிறமும் ஒத்துப்போக வேண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

கடைசியில் வண்டிக்கு ஒரு விலை, மூடிக்குத் தனியாக ஒரு விலை என்று இரண்டையும் பிரித்துச் சொன்னேன். புது மூடியின் விலையை நினைத்துத் தொகை சொல்லவில்லை, கழற்றும் அலைச்சல் மிச்சம் என்ற அளவுக்குத்தான் கேட்டேன். வாங்கியவர் வண்டி விலையில் சின்னக் குறைப்புக் கேட்டுவிட்டு, மூடிக்குச் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தார். பல நிறுவனங்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதால் ரசீதையும் உத்தரவாதத் தாளையும் அவரைப் படிக்கச் சொல்லி, இரண்டு சாவிகளோடு கொடுத்துவிட்டேன்.