முழுநேர ரபியா, நாமே நடத்துவதா? எங்கள் சபை எடுத்த முடிவு

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது எங்கள் யூத ஜெப ஆலயம். 84 குடும்பங்கள். பல வருடம் இருந்த ரபி ஓய்வு பெற்ற பிறகு, நான்கு வருடம் நாங்களே நடத்தினோம். அப்புறம் ஆறு பேர் கொண்ட தேர்வுக் குழு போட்டார்கள். கல்யாணத்துக்கு முன் யூத மார்க்கத்தில் சேர்ந்த என்னையும் அதில் சேர்த்தார்கள். எங்கள் முன் இருந்தவை மூன்று வழிகள்: ஊரிலேயே தங்கும் முழுநேர ரபி, மாதம் ஒருமுறை வந்துபோகும் ரபி, இல்லையென்றால் இப்படியே ரபி இல்லாமல் தொடர்வது. முழுநேர ரபி வேண்டும் என்றுதான் நான் ஓட்டுப் போட்டேன், முடிவும் அதுவே ஆனது. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ரபி என்றதும் கோயில் குருக்களையோ சர்ச் பாதிரியாரையோ நினைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே புரியாது. பலி செலுத்திய ஆசாரியர்கள் வேறு. கி.பி. 70ல் எருசலேம் தேவாலயம் இடிந்ததோடு அவர்களுடைய அந்த வேலை நின்றுபோனது. ரபி என்பவர் ஆசிரியர். தமிழ் வேதாகமத்திலேயே யோவான் 1:38ல் 'ரபீ' என்ற சொல்லுக்குப் போதகர் என்று பொருள் சொல்லியிருக்கிறது. தொழுகைக்கு அவர் தேவையே இல்லை. வயது வந்த பத்து பேர் கூடினால் மின்யான், அதாவது கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை, நிறைந்துவிடும். எபிரேயம் வாசிக்கத் தெரிந்த யாரும் முன்னின்று நடத்தலாம். அடக்கத்துக்கும் ரபி கட்டாயமில்லை.

ஆக, நாமே நடத்துவது இரண்டாந்தர ஏற்பாடு ஒன்றும் இல்லை. கொச்சி யூதர்களுக்கு ரபியே இருந்ததில்லை. 1568ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் மூப்பர்கள் பொறுப்பில்தான் நடந்தது. அமெரிக்காவிலும் 1968ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஹவுரத் ஷலோம் என்ற யூதக் குழுவைப் பார்த்து, எல்லோரும் சமமாக உட்கார்ந்து படிக்கும் குழுக்கள் பல கிளம்பின. எங்கள் நான்கு வருடத்திலும் நல்லது நடந்தது. தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, வாசிக்கக் கூச்சப்பட்டவர்கள் வாசிக்கக் கற்றார்கள், நானும்தான். செலவும் குறைவு. ரபியின் சம்பளமும் வீடும் இப்போது எங்கள் வருட வரவில் பாதிக்குமேல் விழுங்குகின்றன.

தோரா சொல்லிக்கொடுக்கச் சம்பளமா என்ற கேள்வியும் குழுவில் வந்தது. பழைய கேள்விதான். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார், மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். யூதர்களுக்கு எதிரான 1391 கலவரத்துக்குப் பின் ஸ்பெயினை விட்டு அல்ஜியர்ஸ் போன ரபி சிமோன் துரான், வேறு வழியில்லாமல் சம்பளம் வாங்கினார், அது ஏன் சரி என்றும் எழுதினார். வேறு தொழில் செய்யாமல் விட்ட நேரத்துக்கு ஈடு என்று அதைக் கொள்வது இன்று வழக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

என் மனதைத் திருப்பியது ஒரு சாவு. ரபி இல்லாத மூன்றாம் வருடம், பஸ்கா பண்டிகைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எங்களில் ஒரு பெரியவர் இறந்தார். புதன்கிழமை அடக்கம். குடும்பத்தார் வீட்டிலேயே ஏழு நாள் ஷிவா என்ற துக்கம் உட்கார வேண்டும், ஆனால் வெள்ளி மாலை பண்டிகை பிறக்கிறது. என்ன செய்வது? பண்டிகை முடிந்தபின் மீதி நாளை உட்காருங்கள் என்றார் ஒருவர். பண்டிகைக்குள்ளேயே தொடரலாம் என்றார் இன்னொருவர். அடக்கம் ஆகி ஷிவா தொடங்கிவிட்டால் பண்டிகை மீதியைத் தள்ளிவிடும் என்பதுதான் விதி. பண்டிகை நடுவில் அடக்கம் செய்தால்தான் ஷிவா பின்னால் போகும். இரண்டையும் குழப்பிவிட்டோம். வியாழன் இரவு துக்க வீட்டு அம்மா, வழக்கப்படி மூடிய கண்ணாடிக்குக் கீழே தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "யாராவது ஒருத்தர் ஒரு பதில் சொல்லுங்களேன்" என்று கேட்டார். சமையலறையில் நாங்கள் நான்கு பேர் போனில் தேடிக்கொண்டிருந்தோம்.

விதி புத்தகத்தில் இருக்கிறது. நம் வீட்டுக்கு அதை எடுத்துச் சொல்லி, சொன்னதற்குப் பொறுப்பும் ஏற்கிறவர் ரபி. ஊரில் அந்த அதிகாரம் உள்ளவரை 'மாரா த'அத்ரா' என்பார்கள், அந்த இடத்தின் தலைவர் என்று அர்த்தம். எங்கள் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 1973ல் பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்றபோதுகூட, கடைசி முடிவை அந்தந்த ஊர் ரபியிடமே விட்டது.

இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது, பாத்திரமும் தனித்தனி என்பது எங்கள் உணவு விதி. இப்போதைய ரபி வந்த முதல் மாதம், கோழி சூப்பைத் தெரியாமல் பால் கரண்டியால் கிளறிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். விருந்துக்கு எத்தனை மணிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம், கரண்டி கடைசியாகச் சூடான பாலில் பட்டு ஒரு நாள் ஆகிவிட்டதா, சூப் கரண்டியைப் போல அறுபது மடங்கு இருக்குமா? முந்தாநாள்தான் பட்டது என்றேன். "சரி, சூப்பைப் பரிமாறுங்கள். கரண்டியை மட்டும் எடுத்து வையுங்கள், கொதிநீரில் முக்கணும்." இரண்டு நிமிடப் பேச்சு. அவர் என் கவலையைச் சின்னதாக்கவில்லை, சட்டத்தையும் தளர்த்தவில்லை.

அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மின்யானுக்கு முன்போல ஆட்கள் தாமாக வருவதில்லை, அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் வந்துவிட்டது. தோரா வாசிப்பும் திரும்ப நாலைந்து பேர் கைக்கே போகிறது. இது எனக்கு உறுத்துகிறது. பழைய சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூத சபைக்குள் நான் இருந்ததில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

மாதம் ஒருமுறை வருபவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல பிரசங்கம் கிடைக்கும், பிள்ளைகளின் பதின்மூன்று வயதுச் சடங்கான பார் மிட்ஸ்வாவுக்குத் தேதி ஒதுக்கலாம். முப்பது குடும்பம் உள்ள சபைக்கு அதற்குமேல் கட்டுப்படியாகாது. அப்படி ஒருவரை எடுக்கிறீர்கள் என்றால், வராத வாரத்தில் செவ்வாய் இரவு பதினொரு மணிக்குப் போன் எடுப்பாரா என்று கேட்டு, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.