லேப்டாப்புக்குப் பதில் டேப்: ஒரே நாளிலா, இரண்டையும் வைத்தா, ஆள் பார்த்தா?

பாளையங்கோட்டையில் அலுவலகம், பணகுடி, ராதாபுரம், சுரண்டைப் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்குப் போகும் ஆட்கள். மொத்தம் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பை எடுத்துவிட்டு டேப் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. அதைச் செய்ய மூன்று வழிகள் உண்டு: ஒரே நாளில் எல்லோருக்கும் மாற்றுவது, கொஞ்ச காலம் இரண்டையும் கையில் விட்டுவைப்பது, வேலையைப் பார்த்து ஆளுக்கு ஆள் பிரிப்பது. எதைத் தேர்ந்தாலும் டேப்பின் விலை மாறாது. ஊழியர் படும் பாடுதான் மாறும்.

ஒரே நாள் மாற்றம் களத்துக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரும். அவர்கள் செய்வது டிக் போடுவது, மீட்டர் அளவு குறிப்பது, படம் எடுப்பது, கையெழுத்து வாங்குவது. அரை நாள் பயிற்சி போதும். ஆனால் அதே நாளில் கணக்குப் பிரிவுக்கும் மாற்றினால் வேலை நின்றுவிடும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸில்தான் ஓடும். டேப்பில் அறிக்கை பார்க்கலாம், முழுக் கணக்கும் எழுத முடியாது. கம்பெனியின் ஜிஎஸ்டி ரிட்டனுக்கு பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கம்ப்யூட்டரில்தான் செருக வேண்டும். எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதிவைத்த ஷீட்டுகள் டேப்பில் திறக்கும், மேக்ரோ ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் டேப்போடு பேசாது. இத்தனையும் ஒரே நாளில் முட்டினால், முப்பது வருடம் கணக்கு எழுதிய அண்ணாச்சி தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். தவறு அவர்மேல் இல்லை.

இரண்டையும் வைத்துக்கொள்வது கேட்க இதமாக இருக்கும். முடிவு தேதி இல்லாவிட்டால் இதுதான் மூன்றிலும் மோசம். அவசரம் வரும்போதெல்லாம் கை லேப்டாப்புக்குத்தான் போகும். டேப் மேசை டிராயரில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். இந்த வழிதான் வேண்டுமென்றால் இரண்டு வாரம் போதும். மூன்றாம் திங்கட்கிழமை லேப்டாப்பைத் திரும்ப வாங்குவோம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டு வையுங்கள். லேப்டாப்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், எதற்காகத் திறந்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். டேப்பில் என்ன குறை என்பதை எந்தக் கூட்டத்தைவிடவும் அந்த நோட்டு தெளிவாகக் காட்டும்.

எங்கள் தேர்வு மூன்றாவது வழி. களப்பணியாளருக்கு முதலில் டேப். கடிதப் போக்குவரத்து பார்க்கிறவர்களுக்கு அடுத்த மாதம், கீபோர்டோடு. கணக்குப் பிரிவில் இரண்டு லேப்டாப் அப்படியே இருக்கட்டும். யாருக்கு ஏன் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், அவருக்கு மட்டும் ஏன் லேப்டாப் என்ற மனத்தாங்கல் வராது. எந்த நாளில் மாற்றுவது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலை ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாற்றத்தைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டன் போடும் இடத்தில், அதன் கடைசித் தேதிகளான 11, 20 ஆகியவற்றை ஒட்டி எதையும் தொடக்கூடாது.

எந்த வழியானாலும் அதிகம் தடுக்குவது தமிழில்தான். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் டேப்பில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். எந்தக் கருவியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரியவைக்கும் பொது முறைதான் யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. தனியார் அலுவலகங்களில் பழைய கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. லேப்டாப் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். புளூடூத் கீபோர்டை வாங்கும்முன் உங்கள் டேப்போடு இணைத்துக் கடையிலேயே ‘சேரன்மகாதேவி’ என்று அடித்துப் பாருங்கள். ஆங்கிலம் விழும், தமிழ் விழாமல் போகலாம். பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய கைக்கு, அதே முறை டேப்பில் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடிக்கடி வரும் ஊர்ப் பெயர்களை கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டின் சொந்த அகராதியில் சுருக்கமாகப் போட்டுவைத்தால், ‘சேர’ என்று அடித்ததும் முழுப்பெயர் மேலே வந்து நிற்கும்.

திரை அளவில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் மைக்ரோசாப்ட் எக்செல், வேர்டில் திருத்தம் செய்யச் சந்தா கட்ட வேண்டும். பெரிய திரை கண்ணுக்கு நல்லது என்று 11 அங்குலம் வாங்கிவிட்டு, முதல் நாள் கோப்பைத் திருத்த முடியாமல் நிற்பது இதனால்தான்.

வெயிலையும் மழையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரையில் இங்கே நிழலிலேயே அது தாண்டும். சூடேறினால் வெளிச்சம் தானாகக் குறையும், சார்ஜ் ஏறாது. பூட்டிய ஜீப்பின் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது. ஈரமில்லாத துணிப்பையில், இருக்கைக்குக் கீழே வையுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் விழுந்தால், துளி பட்ட இடத்தைத் திரை விரலென்று எடுத்துக்கொண்டு தானாக டிக் போடும். முதலில் திரையைப் பூட்டி, பருத்தித் துணியால் துடைத்து, பிறகு திறக்க வேண்டும். கையுறையோடு வேலை செய்கிறவர்களுக்குத் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி உள்ள மாடல் வேண்டும். காற்றாலை மேலே ஏறுகிறவரின் டேப்புக்குக் கைப்பட்டையும் இடுப்புக் கயிறும் கட்டாயம். கை நழுவினால் கீழே நிற்பவர் தலைக்கே ஆபத்து.

சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தது டேப்பிலேயே நிற்கும். ‘சேமித்தாயிற்று’ வேறு, ‘போய்ச் சேர்ந்தாயிற்று’ வேறு என்பதை முதல் பயிற்சியிலேயே செயலியில் காட்டிவிடுங்கள். ஏர்பிளேன் மோடில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, பிறகு சிக்னலைத் திறந்து அது போவதைக் கண்ணால் பார்க்கவிட்டால் போதும்.

சொல்லிக்கொடுக்கும்போது டேப் கற்கிறவர் கையில்தான் இருக்க வேண்டும். “இங்கே தாங்க அண்ணாச்சி” என்று இளவட்டம் பிடுங்கித் தட்டிக்காட்டினால் பெரியவர் அன்றோடு கேட்பதை நிறுத்திவிடுவார். தனியாக, பத்துப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. எழுத்தின் அளவைக் கூட்டி, டேப்பைத் தாங்கியில் சாய்த்துவைத்துக் கொடுங்கள். மேசையில் படுக்கவைத்தால் மதியத்துக்குள் கழுத்து வலிக்கும், அந்த வலியைத்தான் டேப் சரியில்லை என்று சொல்வார்கள்.

டேப்பில் ஊழியரின் சொந்தக் கூகுள் கணக்கைப் போடவிடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போன பிறகு ரீசெட் செய்தால், அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு டேப் பூட்டியே கிடக்கலாம். அலுவலகக் கணக்கு ஒன்றைப் போட்டு, கடவுச்சொல்லை மேலாளரின் பதிவேட்டில் எழுதி அலமாரியில் பூட்டிவைத்த பிறகே டேப்பை ஊழியர் கையில் கொடுங்கள்.