மினியேச்சர் கழுதைக்கு மைக்ரோசிப்பா, மரபணுச் சோதனையா?

இத்தாலியின் சிசிலி, சார்டினியா தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டு, 1929-இல் முதன்முதலில் அமெரிக்காவுக்குப் போன இந்த மினியேச்சர் கழுதைகளின் தோள் உயரம் 36 அங்குலத்தைத் தாண்டாது. சாம்பல் நிறமும் முதுகில் சிலுவைக் கோடும் பலவற்றுக்குப் பொதுவானவை. ஒரே நிறத்தில் பத்து குட்டிகள் நின்றால் எது எதென்று தெரியாமல் வளர்ப்பவரே தடுமாறுவார்.

மைக்ரோசிப்பின் பலம் வேகம். கழுத்தில் ஊசியால் செலுத்திவிட்டால் கருவியைக் காட்டியதும் 15 இலக்க எண் தெரியும். தொலைந்த கழுதையைச் சந்தையில் அந்த நிமிடமே அடையாளம் காட்டலாம். ஆனால் அந்த எண்ணோடு எழுதிவைத்த தகவல் தவறென்றால், சிப் அதைத் திருத்தாது. தாய், தந்தை யார் என்பதும் அதற்குத் தெரியாது.

மரபணுச் சோதனை அங்கேதான் கைகொடுக்கிறது. பிடரி அல்லது வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரித்த முடி பெரும்பாலும் பயன்படாது. வேரில்தான் தேவையான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மரபுக்குறியிலும், அதாவது சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணு இடத்திலும், குட்டி ஒரு பாதியைத் தாயிடமிருந்தும் மறு பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. பல குறிகளில் பொருந்தாத ஆண் கழுதை தந்தையல்ல என்று உறுதியாக விலக்கலாம். எல்லாம் பொருந்தினால் தந்தையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் உடன்பிறந்த இரு ஆண் கழுதைகள் ஒரே மேய்ச்சலில் இருந்தால், அவற்றின் குறிகள் ஒத்திருக்கக்கூடும் என்பதால் இரண்டின் மாதிரியையும் கட்டாயம் அனுப்புங்கள்! முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

இனவிருத்தி செய்பவர் மரபணுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பேன். வீட்டுத் துணையாக இரண்டு கழுதைகள் வளர்ப்பவருக்குச் சிப் போதும்.