அனிமேஷன் கலைஞருக்குச் சென்னை ஸ்டுடியோவா, மதுரை வீடா?

மதுரையில் அனிமேஷன் படித்து முடிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சென்னைக்குப் போய் ஏதேனும் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்குச் சேர்வதா, அல்லது வீட்டிலேயே கணினியை வைத்துக்கொண்டு வெளிவேலைகளை எடுத்துச் செய்வதா? இரண்டையும் நான் செய்திருக்கிறேன், ஆனால் வழக்கமான வரிசையில் இல்லை. முதலில் திருநகரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒன்றரை ஆண்டு ஃப்ரீலான்ஸ் வேலை. அதன் பிறகு சென்னையில் ஐந்தரை ஆண்டு ஸ்டுடியோ வேலை. குழந்தை பிறந்த பின் மீண்டும் அதே மாடியறை. தொழிலின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஸ்டுடியோதான் சரி என்பது என் முடிவு. இன்று வீட்டிலிருந்தே நன்றாகச் சம்பாதிக்கும் ஒருத்தி இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம் என்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் எனக்கு முதல் மாதச் சம்பளம் 16,000 ரூபாய். மகளிர் விடுதிக்குச் சாப்பாட்டோடு 6,500 போக, ஊருக்கு வந்து போகும் செலவும் கழிந்தால் கையில் நின்றது சொற்பம். வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் நல்ல மாதத்தில் அதைவிட அதிகம் வந்தது, கெட்ட மாதத்தில் ஒன்றுமே வரவில்லை. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

மென்பொருளும் இப்போது தடையில்லை. மாயா என்ற அனிமேஷன் மென்பொருளுக்குச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு பிளெண்டர் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற லாட்வியப் படமான 'ஃப்ளோ' அந்த இலவச மென்பொருளில்தான் உருவானது. வீட்டில் வேலை செய்பவருக்குக் கணினி, பேனா டேப்லெட், இன்வெர்ட்டர் ஆகிய மூன்றின் பராமரிப்பும் சொந்தச் செலவு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, காட்சிகளை இறுதிப் படமாக்கும் ரெண்டரை முந்தைய இரவே ஓட விடும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. எரிச்சலான விஷயம்தான், ஆனால் தொழிலைத் தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

பெற்றோர் அதிகம் நம்புவது பாதுகாப்பை. மாதச் சம்பளம் என்றால் நிலையானது என்ற அந்த எண்ணத்தை இந்தத் துறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் வைத்திருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டுடியோ, 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்ற 2013 பிப்ரவரி மாதத்திலேயே திவால் மனுவும் கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் காட்சி விளைவு ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூருவிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலையில்லாமல் நின்றார்கள். ஸ்டுடியோவுக்குப் போங்கள் என்று நான் சொல்வது பாதுகாப்பை நினைத்து அல்ல. திருத்தத்தை நினைத்து.

என் முதல் ஒன்றரை ஆண்டு வேலையில் பெரும்பகுதி, குழந்தைகளுக்கான பாட்டுக் காணொளிகள் போடும் ஒரு சேனலுக்குச் செய்தது. அவற்றில் ஒரு மாடு அடிக்கடி வரும். அதற்கு ஒரு நடையை அமைத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பத்துப் பதினான்கு காணொளிகளில் பயன்படுத்தினேன். சேனல்காரர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. 'ஓகே, நன்றி' என்ற பதிலோடு பணமும் வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் வேலை வருவது நின்றது. பட்ஜெட் குறைந்திருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். கையில் இருந்த அந்த மாட்டை, என் வேலைகளின் மாதிரித் தொகுப்பான ஷோரீலின் முதல் காட்சியாக வைத்துச் சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பார்த்தவர் அனிமேஷன் லீட், அதாவது அனிமேட்டர் குழுவின் தலைவர். பத்து வினாடியில் நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, உங்க ஊர்ல மாடு இருக்கா?”

“எங்க தாத்தா வீட்லயே இருக்கு சார்.”

“அப்போ அதை ஒரு தடவை நடக்க விட்டுப் பாத்துட்டு வந்து இதைப் போட்டிருக்கலாமே.”

சோழவந்தான் பக்கம் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் எப்போதும் இரண்டு மாடுகளாவது நிற்கும். இருந்தும், நடக்கிற மாடு இடது பின்னங்காலை வைத்த பிறகு இடது முன்னங்காலையும், அடுத்து வலது பின்னங்காலையும், கடைசியாக வலது முன்னங்காலையும் வைக்கிறது, நான்கு குளம்புகளும் தனித்தனியாகத்தான் தரையைத் தொடுகின்றன என்பதை நான் கண்ணால் கண்டதே இல்லை. மூலைக்கு மூலை இருக்கும் கால்கள் சேர்ந்து விழுவது மாடு தொங்கோட்டமாக ஓடும்போது. நான் அந்த ஓட்டத்தை மெதுவாக்கி நடை என்று பெயர் வைத்திருந்தேன். டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்து வெளியிட்ட அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளையும் அப்போது நான் மனப்பாடமாகச் சொல்வேன். விதி தெரிந்திருந்தது, கண்தான் இல்லை.

அந்த மாட்டினால்தான் சேனல் வேலை நின்றதா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்வதன் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. ஃப்ரீலான்ஸரின் பிழையைத் திருத்த வேண்டிய கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. ஷாட் சுமாராக இருந்தால் அவர் அதைத் தன் அலுவலகத்தில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வார், அல்லது அப்படியே வெளியிட்டுவிடுவார். அடுத்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுப்பார். அவரிடம் கோபம் இருக்காது, குறை சொல்லும் மின்னஞ்சலும் வராது. சில சமயம் 'இன்னும் கொஞ்சம் உயிரோட்டமாக இருக்கட்டும்' என்று ஒரு வரி வரும். எந்த ஃப்ரேமில், உடம்பின் எந்தப் பகுதியில் உயிர் இல்லை என்பதை அந்த வரியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டுடியோவில் இது நேர்மாறாக நடக்கும். எங்கள் தொலைக்காட்சித் தொடரில் ஓர் அனிமேட்டருக்கு நாளொன்றுக்குப் 10 வினாடி என்பது கணக்கு. வினாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 240 ஃப்ரேம். முந்தைய நாள் முடித்ததை மறுநாள் காலை டெய்லீஸ் என்ற கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் திரையில் ஓட்டுவார்கள். பிளாக்கிங் நிலையில் கீ போஸ்கள், அதாவது அசைவின் முக்கிய நிலைகள், மட்டும் இருக்கும்போது ஒரு சுற்றுத் திருத்தம், அவற்றுக்கு இடையே அசைவு தொடர்ந்து ஓடும்படி ஸ்ப்ளைனுக்கு மாற்றியபின் இன்னொரு சுற்று, கடைசி மெருகான பாலிஷில் மற்றொன்று. 'இடுப்பு இறங்குவதற்கு முன்பே தோள் இறங்கிவிட்டது', 'கால் தரையில் வழுக்குகிறது', 'கை போகும் பாதை 52ஆவது ஃப்ரேமில் உடைகிறது' என்று லீட் என் ஷாட்டின் மேலேயே கோடு போட்டுக் காட்டுவார். முதல் ஆண்டில் ஒரு பாட்டி நாற்காலியில் உட்காரும் நான்கு வினாடிக் காட்சி பதினொரு முறை திரும்பி வந்தது. அன்று விடுதிக்குப் போய் அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் ஷாட்டுக்குச் சொல்லப்படும் திருத்தமும் என் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், நான் செய்யாத பிழைகளிலிருந்தும் கற்றேன். வீட்டில் இது எந்த விலைக்கும் கிடைக்காது.

எங்கள் திருநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்; பிள்ளை வரைந்த புருவம் கோணினால் அடுத்த பொம்மைக்குப் போவதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். நூறு பொம்மைகள் காய்ந்தபின் சொல்லிப் பயன் இல்லை. கணினியில் செய்த வேலை காய்வதில்லை என்று தோன்றும், ஆனால் கை காய்ந்துவிடும். தவறான பழக்கத்தோடு ஒன்றரை ஆண்டு ஓடிய என் கையைச் சீராக்க ஸ்டுடியோவில் கிட்டத்தட்ட ஓராண்டு பிடித்தது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்னைவிட வேகமாகத் தேறினார்கள். அவர்களுக்கு மறக்க வேண்டியது குறைவாக இருந்தது.

எல்லா ஸ்டுடியோவும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்தது ஒரே ஒரு ஸ்டுடியோவில். அங்கே லீட் நல்லவராக அமைந்தார். திருத்தம் என்ற பெயரில் கத்துவது மட்டுமே நடக்கும் இடங்களையும், ஆள் பற்றாக்குறையால் டெய்லீஸே இல்லாமல் கோப்புகளைத் தள்ளிவிடும் இடங்களையும் பற்றித் தோழிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் என் வாதம் முழுவதும் விழுந்துவிடும். ஆகவே நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே 'என் ஷாட்டை யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை முறை பார்ப்பார்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். அதுபோலவே, சென்னைத் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலோ அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலோ ஆசிரியர்கள் முன் வேலையை வைத்துத் திருத்தம் வாங்கியே சில ஆண்டுகள் பழகியவர்களுக்கு ஸ்டுடியோவின் தேவை கொஞ்சம் குறையலாம். நான் சொல்வது ஆறு மாதம், ஓராண்டு மென்பொருள் பயிற்சி மட்டும் முடித்த எங்களைப் போன்றவர்களுக்கு. பின்னணி ஓவியம், காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டு ஆகிய பிரிவுகளில் என் அனுபவம் மெலிதானது. அசைவு இல்லாத படத்தில் குறை ஓரளவு கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பதால் அவர்கள் வீட்டிலிருந்தே வளர வழி இருக்கக்கூடும்.

கண் தேறியபின் மதுரை வீடு எல்லா வகையிலும் வசதியானது. வாடகை இல்லை, சென்னை மின்சார ரயில் நெரிசல் இல்லை, குழந்தையைப் பள்ளியில் விட்டுவந்து வேலையில் உட்காரலாம். ஷோரீலில் வைக்க முடியாதபடி ரகசிய ஒப்பந்தம் போடும் வாடிக்கையாளர்கள் உண்டு. அதை வேலை தொடங்கும் முன்பே பேசி, வெளியீட்டுக்குப் பின் காட்ட அனுமதி என்று எழுதி வாங்கிவிட வேண்டும். பணம் இழுபடுவதுதான் வீட்டு வேலையின் தீராத தலைவலி. அதற்கு ஓரளவு மருந்து இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாக இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் இந்திய நிறுவனங்கள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் சேர்ந்தது: அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் எந்த ஆண்டு தருகிறார்களோ அந்த ஆண்டில்தான் நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். என் இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போடத் தொடங்கிய பின், மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவினர் அவர்களாகவே அழைத்துப் பேசுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இந்தச் சட்டம் எட்டாது. அவர்களிடம் நான் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் கோப்பைத் திறப்பதில்லை.

திருத்தத்துக்கு மட்டும் வீட்டில் இன்னும் முழு மாற்று கிடைக்கவில்லை. புதன்கிழமை இரவு ஒன்பதரைக்கு, குழந்தை தூங்கியபின், முன்பு உடன் வேலை செய்த இருவரோடு காணொளி அழைப்பில் அமர்ந்து ஒருவர் ஷாட்டை மற்றவர் பார்க்கிறோம். ஒரே இடத்தில் கண் தேறியவர்கள் என்பதால் பேச்சு சட்டென்று புரிகிறது. ஆனால் நண்பர்கள் என்பதால் ஒருவருக்கொருவர் இளகிவிடுகிறோம், டெட்லைன் நெருங்கும் வாரங்களில் அழைப்பே நடப்பதில்லை. அதனால் பெரிய வேலைகளை அனுப்பும் முன் என் பழைய லீடுக்கு மணிக்கு 1,500 ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் வற்புறுத்திக் கொடுக்கிறேன். இலவசம் என்றால் அவரும் மென்மையாகிவிடுவார். போன மாதம் ஒரு குதிரை ஷாட்டில் பதினொரு இடங்களைக் குறித்து அனுப்பியிருந்தார். அவற்றில் ஏழு, அனுப்பும் முன்பே நான் கண்டுபிடித்திருக்க வேண்டியவை.