கனத்துப்போன ஸ்டீயரிங்: ஓர் எர்த் வயரும் இரண்டரை ஆண்டுகளும்

திருப்பத்தின் பாதியில் கார் இருந்தபோது ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிந்தது. இரண்டு கைகளாலும் வலித்துத் திருப்பி, ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கியதும் விளக்கு மறைந்தது, ஸ்டீயரிங்கும் பழையபடி இலேசானது. அதை நம்பி மேலும் ஒரு வாரம் ஓட்டினேன். அது தவறு. திருப்பும் கைக்குத் துணை விசை தரும் பவர் ஸ்டீயரிங் செயலிழந்தாலும் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இரும்புப் பிணைப்பு அறுந்துவிடாது, வண்டி திரும்பும். ஆனால் குறைந்த வேகத்தில்தான் கனம் மிக அதிகம். ஒரு குறுகிய சந்திப்பில் அது கைகொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த வாரத்தின் கடைசி நாளில் உணர்ந்தேன்.

ஒரு பணிமனையில் காட்டினேன். மோட்டாரோடு சேர்ந்த ஸ்டீயரிங் தண்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து நானே பார்க்கத் தொடங்கினேன்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பானெட்டுக்குள் ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருந்தால் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வகை. டப்பா இல்லை என்றால் பெரும்பாலும் மின்மோட்டார் வகை. என்னுடையது இரண்டாவது. டயர்களின் காற்றழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்; முன் டயர்களில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும்.

மின்மோட்டார் வகையில், வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஹெட்லைட்டும் ஒலிபெருக்கியும் ஒழுங்காக இயங்குவதால் மின்சாரத்தில் குறை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இந்த அளவு பசி அவற்றுக்குக் கிடையாது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், என்னுடையது 12.5. எஞ்சின் ஓடும்போது 14.2, அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலம். ஸ்டீயரிங்குக்கான பெரிய ஃபியூஸும் எரியவில்லை.

மிஞ்சியது எர்த் வயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டி உடலோடு இணைக்கும் வயர். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. அரை நாள் அதில்தான் வீணானது. இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டர் அதைப் பிரித்துக் காட்டாது. ஆனால் 40 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு தடையே 0.8 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே சுமை இருக்கும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறு முனையை ஸ்டீயரிங் மோட்டாரின் எர்த் முனையிலும் வைத்தேன். எஞ்சின் ஓட, ஹேண்ட்பிரேக் போட்டு, என் தம்பி உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினான். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் மீட்டர் 0.9 காட்டியது.

பேட்டரியிலிருந்து வண்டி உடலுக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய நிலையில் இரு பரப்புகளையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கமாக முடுக்கி, மேலே மெல்லிய கிரீஸ் பூசினேன். மறுபடி அளந்தால் 0.05. பேட்டரியைத் துண்டித்ததால் விளக்கு மீண்டும் எரிந்தது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டியதும் அணைந்தது. சில வண்டிகளில் இதற்கு, வண்டியின் கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் தேவைப்படும்.

ஸ்கேனரைப் பற்றி ஒன்று. மலிவான கருவிகள் பலவும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஸ்டீயரிங் குறியீடுகள் பெரும்பாலும் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குபவை; அவற்றைப் படிக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். நான் பிறகு வாங்கிப் பார்த்தபோது என் வண்டியில் பதிவாகியிருந்தது ‘மின்னழுத்தம் குறைவு’ என்ற குறியீடு. மோட்டார் பழுது என்று அது சொல்லவே இல்லை. ஒரு முழுத் தண்டையும் தூக்கியெறியச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வருகிறேன். பத்தொன்பதாம் மாதத்தில் ஒரு காலை, ஸ்டார்ட் செய்ததும் விளக்கு எரிந்தது. எர்த் அளவு 0.06தான். ஆனால் ஸ்டார்ட் செய்யும் கணத்தில் பேட்டரி 8.9 வோல்ட்டுக்குச் சரிந்தது, 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வயது ஐந்து. மாற்றினேன். பதினொரு மாதங்களாகத் தொல்லை இல்லை.

ஆயில் வகை வண்டியும் முன்பு வைத்திருந்தேன். அதில் முனகல் சத்தமும் டப்பாவில் நுரையும் வந்தன. பம்புக்கு ஆயில் உறிஞ்சும் குழாயின் கிளிப் தளர்ந்து காற்றை உள்ளே இழுத்ததுதான் காரணம். அந்த இடத்தில் வெளியே ஒரு சொட்டும் கசியவில்லை. ஆயில் ஊற்றும்போது மூடியில் குறிப்பிட்ட வகையையே ஊற்றுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசியில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்ப் கொதித்துவிடும்.

ஸ்டீயரிங் தண்டைப் பிரிப்பதையும், மஞ்சள் நிற ஏர்பேக் இணைப்புகளைத் தொடுவதையும் நான் வீட்டில் செய்வதில்லை. எர்த் அளவு சரியாக இருந்து, பேட்டரியும் நன்றாக இருந்து, அப்போதும் விளக்கு எரிந்தால் திருப்பு விசையை உணரும் சென்சாரோ மோட்டாரோ பழுதாகியிருக்கலாம். அது பயிற்சி பெற்ற கைகளுக்கு உரியது.

என் வண்டியில் அந்த எர்த் போல்ட் முன் சக்கர வளைவை ஒட்டி, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. களிம்பு மறுபடி ஏறும். அடுத்த அளவை மழைக்காலம் முடிந்த உடனே எடுக்கப் போகிறேன்.